வரை, வரம்பு, வரையறை: வீட்டு இணைய இணைப்பின் ஒரு சொல்வரலாறு

ஐந்து ஆய்வு மாணவர்கள் சேர்ந்து ஐதராபாத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வாடகைப் பங்கீடும் சமையல் முறையும் அரைமணி நேரத்தில் முடிவாயின. எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பைப் பெறுவது என்பதில் மட்டும் இரண்டு வாரம் கழிந்தது. எங்கள் வீட்டின் பயன்பாடு மிகுதி. ஒருவர் செயற்கைக்கோள் படங்களை இறக்கிப் பகுப்பாய்பவர். ஒருவர் நாள்தோறும் மூன்று மணி நேரம் இணையவழி வகுப்பெடுப்பவர். இருவர் இரவுதோறும் திரைப்படம் பார்ப்பவர்கள். என் பங்கு, கள ஆய்வில் பதிந்த பேச்சொலிகளை ஆவணக் காப்பகத்துக்கு ஏற்றுவது.

மேசைமேல் குவிந்த துண்டறிக்கைகளை ஒப்பிட்டபோது, எல்லாவற்றிலும் மூன்று சொற்கள் தவறாமல் இருந்தன: பிராட்பேண்ட், அன்லிமிடெட், அப் டு. தமிழில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை புலப்படும். 'வரம்பில்லாத் தரவு, 100 எம்பிபிஎஸ் வரை வேகம்.' வரம்பு இல்லை என்பதும் வரை உண்டு என்பதும் ஒரே வரியில். 'வரை' என்றாலே எல்லைதான். பிராட்பேண்ட் என்பதன் பொருளை அரசு 'வரையறை' செய்து வைத்திருக்கிறது; அச்சொல்லுக்குள்ளும் ஒரு வரை. போதாதற்கு அன்லிமிடெட் என்பதன் தலையில் ஓர் உடுக்குறி. மொழியியல் படித்தவர்கள் சான்று கிட்டாத மீட்டுருவாக்க வடிவத்துக்கும் இலக்கணத்துக்கு ஒவ்வாத தொடருக்கும் முன்னால் உடுக்குறி இடுவோம். விளம்பரத்தில் அது சொல்லுக்குப் பின்னால் வருகிறது. பொருள் பெரிதும் வேறுபடவில்லை.

இம்மூன்று சொற்களும் இந்தியாவில் எப்படிப் பொருள் மாறின என்று தேடத் தொடங்கினேன். நல்ல இணைப்பைத் தேர்வது எப்படி என்ற எங்கள் வீட்டுச் சச்சரவுக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது விற்கப்பட்ட பொருள் நேரம். தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9.6 கிலோபிட், கணக்கு மணிக்கணக்கில். இணையத்தில் இருக்கும்வரை தொலைபேசி அடைபட்டிருக்கும். அழைப்புக் கட்டணம் தனியே ஏறும். 1998 நவம்பரில் தனியாருக்கு உரிமம் கிடைத்த பின்னரும் (முதலில் வந்தவற்றுள் ஒன்று சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே) இந்த அளவுகோல் மாறவில்லை. மிகுதியாகப் பயன்படுத்துபவர் என்றால் மிகுந்த நேரம் இருப்பவர் என்றே பொருள். எவ்வளவு இறக்கினார் என்று எவரும் கேட்கவில்லை.

அளவுகோலை மாற்றியது 2004 அக்டோபர் 14 அன்று வெளியான பிராட்பேண்ட் கொள்கை. எப்போதும் இணைப்பில் இருப்பது, ஊடாடும் சேவைகளைத் தாங்குவது, நிறுவனத்தின் சேவை முனையிலிருந்து பயனருக்கு நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் இறக்க வல்லது: இதுவே பிராட்பேண்ட் என அது வரையறுத்தது. 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்று இலக்கும் வைத்தது.

அந்த 256 என்ற எண்ணைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐ.113 பரிந்துரை, 1.5 அல்லது 2 மெகாபிட் அளவிலான முதன்மை ஐஎஸ்டிஎன் இணைப்பைவிட விரைவானதையே பிராட்பேண்ட் என்றது. இந்தியா அதில் ஆறில் ஒரு பங்கையோ எட்டில் ஒரு பங்கையோ எடுத்துக்கொண்டு அதே பெயரைச் சூட்டியது. ஏழை நாடு எங்காவது தொடங்கியாக வேண்டும் என்பது நியாயமான வாதம். எனினும் பெயர் பெரிதாகவும் பொருள் சிறிதாகவும் இருந்ததன் விலையை வாங்குபவரே கொடுத்தார்.

வரையறையில் இல்லாதவை இன்னும் முக்கியமானவை. இறக்கும் வேகம் சொல்லப்பட்டது. ஏற்றும் வேகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 1999-இல் வைத்த 200 கிலோபிட் என்ற எளிய அளவுகூட இரு திசைகளுக்கும் பொருந்துவதாக இருந்தது. நம்முடையது ஒருவழிப் பாதை. வீட்டில் இருப்பவர் பெறுபவர், அனுப்புபவர் அல்லர் என்ற அனுமானம் அந்த வாசகத்துக்குள் ஓசையின்றி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் அக்கொள்கையில் இடம்பெறவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வரை செல்லும் செம்புக் கம்பியைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வழிவிட வேண்டும் என 2004 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) பரிந்துரைத்திருந்தது. அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை. நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றதோடு நின்றது. கம்பி, தில்லியிலும் மும்பையிலும் எம்டிஎன்எல் கையிலும் நாட்டின் ஏனைய பகுதிகளில் பிஎஸ்என்எல் கையிலும் இருந்தது. தனியார் வேறு வழி தேடினர். தொலைக்காட்சிக் கம்பி இழுத்த தெருக் கேபிள்காரரின் வலைப்பின்னல்மேல் ஏறிக்கொண்டனர். கேரளத்தில் ஏசியாநெட், மும்பையில் ஹாத்வே, ஐதராபாத்தில் பீம் என வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வேறு பெயர்கள். நம் நகரங்களில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கருங்கூந்தல்போல் தொங்கும் கம்பிக் கற்றைகள் ஒரு கொள்கை முடிவின் தொல்லியல் எச்சங்கள். ஒரே நிறுவனத்தின் இணைப்பு ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருப்பதன் வேரும் பெரும்பாலும் இங்கேதான். கடைசி முந்நூறு மீட்டரை எவர் இழுத்தார், அறுந்தால் எவர் ஏணியோடு வருவார் என்பது துண்டறிக்கையில் இருப்பதில்லை.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தது. நேரம் விற்ற இடத்தில் எடை விற்கத் தொடங்கினர். மாதத்துக்கு இத்தனை மெகாபைட், அதற்குமேல் மெகாபைட்டுக்கு இத்தனை காசு. தயாநிதி மாறன் அமைச்சராக இருந்த காலத்தில் 2007 பிராட்பேண்ட் ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் முதல் நாள் தொட்டு அளவுக்குட்பட்ட திட்டங்களின் வேகம் 2 மெகாபிட் வரை உயர்த்தப்பட்டது. வரம்பில்லாத் திட்டமும் இருந்தது: ஹோம் யுஎல் 900. பெயரிலேயே மாதக் கட்டணம். வேகம் மட்டும் பழைய 256 கிலோபிட்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 மெகாபிட் வேகத்தில் ஒரு ஜிபியை இறக்க 67 நிமிடம் போதும். மாதத்துக்கு ஒரு ஜிபி என்பது உங்கள் வரம்பானால், முழு வேகத்தில் ஒரு மணி ஏழு நிமிடம் பயன்படுத்திய பின், மீதி இருபத்தொன்பது நாளும் மீட்டர் ஓடும். மறுபுறம், 256 கிலோபிட் இணைப்பை முப்பது நாளும் ஒரு நொடி விடாமல் ஓடவிட்டாலும் 83 ஜிபிக்கு மேல் இறக்க இயலாது. வரம்பில்லாத் திட்டத்துக்கும் வரம்பு இருந்தது. அது விலைப்பட்டியலில் எழுதப்படாமல் இயற்பியலில் எழுதப்பட்டிருந்தது. விரைவு வேண்டுமா, மிகுதி வேண்டுமா, ஒன்றைத்தான் தருவோம் என்பதே அக்காலத்தின் ஏற்பாடு.

இரண்டுக்கும் நடுவே மக்கள் ஒரு சந்து கண்டனர். சில திட்டங்களில் பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பொறியியல் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கணினியைத் தட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். காலையில் 8 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மோடத்தை அணைக்கும் பொறுப்பு எனக்கு. நாட்டின் எத்தனையோ வீடுகளில் ஒரு தலைமுறையின் உறக்க முறையை ஒரு கட்டண அட்டவணை வகுத்தது. இதைச் சமூக வரலாறாக எவரேனும் எழுதினால் முதல் வாசகர் நானாக இருப்பேன்.

கொள்கை வைத்த 2 கோடி இலக்கு, 2010 முடிவில் ஏறக்குறையப் பாதியில் நின்றது.

அடுத்து வந்தது 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை'. குறிப்பிட்ட அளவு வரை நல்ல வேகம். அதன்பின் இணைப்பு அறாது, கட்டணம் ஏறாது, வேகம் மட்டும் தாழும். நிறுவனங்கள் இதற்கும் அன்லிமிடெட் என்றே பெயரிட்டன. தரவுக்கு வரம்பில்லை, பயன்படும் தரவுக்கு உண்டு. மிகுதியாகப் பயன்படுத்தும் குடும்பம் 'நியாயம்' என்ற அடையால் மறைமுகமாக நியாயமற்றதாக ஆயிற்று என்பதையும் கவனிக்கலாம். ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. வீட்டு இணைப்பு என்பது பங்குச் சரக்கு. டிராய் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டுப் பயனருக்கு 1:50 என்ற பகிர்வு விகிதத்தை வைத்தது. ஒருவருக்கு உறுதியளித்த அகலத்தை ஐம்பது பேர் வரை பகிரலாம். நாற்பத்தொன்பது பேர் உறங்கும்வரை அது சரியாக வேலை செய்யும். பின்னிரவுச் சலுகையின் பொருளாதாரமும் அதுவே.

2012 ஜூலையில் டிராய், தரவு அளவு எவ்வளவு, அதுவரை வேகம் என்ன, அதன்பின் வேகம் என்ன என்ற மூன்றையும் விளம்பரத்திலேயே தெரிவிக்கப் பணித்தது. 2016 அக்டோபர் இறுதியில், எந்தத் திட்டத்திலும் கம்பிவழி இணைப்பின் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்றது. இந்த எண் எங்கிருந்து வந்தது? 2013 ஜூலையில் பிராட்பேண்ட் வரையறை 512-ஆக உயர்த்தப்பட்டிருந்தது. தண்டனையாகக் குறைக்கப்பட்ட வேகமும் பிராட்பேண்டாக இருந்தாக வேண்டும். இல்லையேல் விற்ற பொருளின் பெயரே பொய்யாகிவிடும். ஒரு சொல்லின் வரையறை பயனரைக் காத்த அரிய தருணம் அது.

கண்ணாடி இழை பரவியபின் எண்கள் பெருகின. 2017-இல் ஏசிடி நிறுவனம் ஐதராபாத்தில் 1 ஜிகாபிட் திட்டத்தை அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிக அளவில் வந்தது. பெருந்தொற்றின்போது வகுப்பறையும் அலுவலகமும் வீட்டுக்குள் புகுந்த 2020-இல், மாதம் 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் வரம்பில்லாத் திட்டம் அறிமுகமாயிற்று. ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் சமம் என்பதை அது விளம்பரப்படுத்தியது. போட்டியாளர்களும் வரம்பில்லாமைக்கு மாறினர். அந்த வரம்பில்லாமையின் உடுக்குறி சுட்டிய எண் 3,300 ஜிபி. மிகத் துல்லியமான படத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி செலவாகும் என்று கொண்டால், நாள்தோறும் ஏறத்தாழப் பதினைந்தரை மணி நேரம் பார்த்தால்தான் அது தீரும். எங்கள் ஐவராலும் முடியாது என்றே நினைக்கிறேன். திரைப்படப் பிரியர் இருவர் மட்டும் உறுதியளிக்க மறுத்தனர். ஹோம் யுஎல் 900 காலத்து 83 ஜிபியோடு ஒப்பிட்டால் நாற்பது மடங்கு. அன்லிமிடெட் என்ற சொல் முதன்முறையாக உண்மையை நெருங்கியது எனலாம்.

2023 ஜனவரியில் வரையறை 2 மெகாபிட்டாக உயர்ந்தது. ஐ.113 சொன்ன அளவை நம் அரசின் சொல் அப்போதுதான் எட்டிப் பிடித்தது. ஆனால் அவ்வாசகத்தில் 2004-இன் 'எப்போதும் இணைப்பில் இருப்பது' என்ற அடையைக் காணோம். ஏற்றும் வேகம் இப்போதும் இல்லை. இந்த வரையறையின்கீழ் கைப்பேசி இணைப்பும் பிராட்பேண்டே. டிராய் அறிக்கைகளில் பிராட்பேண்ட் பயனர்களாக எண்ணப்படுவோரில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பேர் கைப்பேசிவழியினர். நாடு பிராட்பேண்டால் நிறைந்திருக்கிறது என்ற கூற்றையும், ஐந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வீட்டுக்கு அது எவ்வளவு உதவும் என்பதையும் தனித்தனியே வைத்துப் படிக்க வேண்டும்.

இனி எங்கள் மேசைக்குத் திரும்பலாம். இந்த வரலாற்றைச் சொல்லி முடித்தபோது நண்பர்கள் கேட்டது ஒன்றே: அப்படியானால் எதை வாங்குவது? அரசு வரையறை சொல்லாமல் விட்டவற்றைக் கேட்போம் என்றேன். ஏற்றும் வேகம் எவ்வளவு? உடுக்குறிக்குப் பின் வேகம் எவ்வளவு? இந்தத் தெருவில் பழுது நீக்குபவர் எவர், எத்தனை நாளில் வருவார்? கடைசிக் கேள்விக்கு விற்பனையாளர்களைவிட மாடிவீட்டு அம்மா தெளிவாக விடை சொன்னார். கட்டடத்துக்குள் எந்தெந்த நிறுவனங்களை உரிமையாளர் அனுமதித்திருக்கிறார் என்று கேட்டதும், ஆறு துண்டறிக்கைகள் இரண்டாயின. தேர்வு என்ற சொல்லையும் என் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். கட்டடங்களுக்கு இணைய வசதி அடிப்படையில் தரக்குறியீடு வழங்கும் விதிமுறையை டிராய் 2024-இல்தான் கொண்டுவந்தது. எங்கள் கட்டடம் அதைவிட மூத்தது.

எஞ்சிய இரண்டில் ஒன்று 300 மெகாபிட் இறக்கும் வேகம் தந்தது. விசாரித்தபோது ஏற்றும் வேகம் 10 என்றனர். மற்றது இரு திசையிலும் 100. என் கையிலிருந்த களப்பதிவு நாற்பது மணி நேரம். இரு தடங்களில், 24 பிட் தரத்தில், மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். முதல் இணைப்பில் அதை ஏற்ற ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அதற்குள் வகுப்பெடுக்கும் நண்பரின் முகம் திரையில் உறைந்துவிடும். இரண்டாவதில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். செயற்கைக்கோள் நண்பர் சற்று முணுமுணுத்தார். பிறகு 100-க்கே கையொப்பமிட்டோம். விண்ணப்பப் படிவத்தில் ஏற்றும் வேகத்துக்கென்று கட்டம் இல்லாததால், அதை ஓரத்தில் பேனாவால் எழுதி நிறுவன முகவரிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டோம்.