ஒரு நூல், ஒரு முடி, ஒரு குண்டுமணி

தச்சர் "கொஞ்சம் சீவு" என்றால் அதற்கு அளவு கிடையாது. "ஒரு நூல் சீவு" என்றால் உண்டு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நூல், மில்லிமீட்டரில் 3.175. அரை நூல் என்பது அதில் பாதி. தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் இன்றும் 10 மில்லிமீட்டர் கம்பிக்கு 'மூணு நூல் கம்பி' என்றும், 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 'நாலு நூல்' என்றும்தான் பெயர். அங்கிருந்து இங்கு வேலைக்கு வருவோருடன் இந்தச் சொல்லும் சேர்ந்தே வருகிறது.

சீனக் குத்தகைக்காரர்களிடம் இதே அளவுக்கு 'ஹுன்' என்று பெயர், மாண்டரினில் 'ஃபென்'. அரை அங்குலக் குழாய் நாலு ஹுன், முக்கால் அங்குலக் குழாய் ஆறு ஹுன். இரண்டுமே எட்டில் ஒரு பங்கு என்பதால் நூலுக்கும் ஹுனுக்கும் இடையே சண்டை வருவதில்லை. தகராறு மில்லிமீட்டரோடுதான். மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. வரைபடங்கள் மாறிவிட்டன, வாய் மாறவில்லை. ஏணிமேல் நிற்பவர் "ரெண்டு தள்ளு" என்கிறார். நூலா, மில்லிமீட்டரா? நூல் என்றால் 6.35, இல்லையென்றால் வெறும் 2. அலமாரிக் கதவு மூடாமல் நிற்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

நூலுக்கும் கீழே போனால் எண் நின்று கிண்டல் தொடங்கிவிடும். தலைமுடியின் கனம் சுமார் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். அதை மரத்தில் யாரும் அளக்கப் போவதில்லை. "ஒரு முடி எடு" என்றால், இழைப்புளியை லேசாக ஒருமுறை ஓட்டிவிட்டுப் பொருத்திப் பார் என்று அர்த்தம். எழுத்தில் 'மயிரிழை' கௌரவமான சொல்தான். வேலையிடத்தில் அதன் பேச்சு வடிவம் வசவுக்குப் பக்கத்தில் நிற்பதால், வீட்டுக்கார அம்மா அருகில் இருந்தால் அது 'முடி' ஆகிவிடும்!

'இம்மியும் பிசகாது' என்பதில் வரும் இம்மி உண்மையிலேயே ஓர் எண். பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி 320-இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி 1,02,400-இல் ஒரு பங்கு. இம்மி அதற்கும் கீழே. எந்தக் கொத்தனாரின் ரசமட்டமும் அதைக் காட்டாது.

நகைக்கடையில் சிரிப்பு குறைவு. பொற்கொல்லரின் குண்டுமணி என்பது குன்றிமணி விதையின் எடை, சுமார் 0.12 கிராம். "ரெண்டு குண்டுமணிதான் சேதாரம்" என்று கேட்கும்போது சின்னதாகத்தான் தெரியும். கணக்குப் பார்த்தால் கால் கிராம் தங்கம்.

தோட்டத்தில் அளவுகோல் கைதான். பால்மரம் வெட்டும்போது, பட்டைக்கு உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படையைத் தொடாமல் சுமார் 1 மில்லிமீட்டர் முன்பே கத்தி நிற்க வேண்டும். தாண்டினால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து வெட்டு அந்தப் பக்கம் திரும்பி வரும்போது கத்தி ஓடாது. இத்தனையும் விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில்.