இக்கபோத் என்னும் பெயர்

எபிரேயர் குழந்தை பிறந்த வேளையின் நிலையைப் பெயரிற் பொதிந்து வைப்பதுண்டு. சாமுவேலின் முதலாம் நூலிற் காணும் இக்கபோத் அத்தகையது. பெலிஸ்தரோடு நிகழ்ந்த போரில் உடன்படிக்கைப் பெட்டி பறிபோயிற்று. ஆசாரியன் பினெகாசும் மடிந்தான். அது கேட்ட தந்தை ஏலி, 98 வயது முதியோன், ஆசனத்தினின்று வீழ்ந்து இறந்தான். பினெகாசின் மனைவியோ மகனை ஈன்று, மகிமை அகன்றதென்று கூறி, அப்பெயரிட்டு உயிர்நீத்தாள்.

‘கபோத்’ என்பது பாரத்தைக் குறிக்கும் வேரினின்று பிறந்து, மகிமையைச் சுட்டும் சொல். தமிழிலும் கனம் என்பது பாரத்தையும் மதிப்பையும் ஒருங்கே உணர்த்துமன்றோ? ஏலியின் உடல் கனத்திருந்தது எனக் கூறுமிடத்தும் மூலநூல் அவ்வேரையே ஆளுகின்றது. முன்னிற்கும் ‘இ’, ‘இல்லை’ என்பதா, ‘எங்கே’ என்பதா என அறிஞர் வேறுபடுவர். ‘எங்கே’ எனக் கொள்ளின், பெயர் தாயின் புலம்பலாகவே ஒலிக்கும்.

அப்பிள்ளையின் வாழ்வைப்பற்றி நூல் எதுவும் கூறவில்லை. பின்னர் ஓரிடத்தில், அகிதூபின் சகோதரன் என்ற அளவில் அவன் பெயர் வருகின்றது.