நோயும் காயம்தான்: வட ஆற்காட்டுப் படைவீரர்களும் மறுக்கப்பட்ட ஓய்வூதியமும்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டைத் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போகிறோம். அதில் பதித்திருக்கும் கல்லை நின்று படித்தவர்கள் குறைவு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்கிறது அந்தக் கல்.

மீதி 263 பேர் என்ன ஆனார்கள்? கல் சொல்லவில்லை. செத்தவரை எண்ணத் தெரிந்த அரசுக்கு, நோயோடு திரும்பி வந்தவரை எண்ணத் தெரியவில்லை. மலேரியாவில் கல்லீரல் கெட்டவர், வயிற்றுப்போக்கில் உடம்பு உருகியவர், இரவில் தூக்கம் தொலைத்தவர் என்று எத்தனையோ பேர் இந்தக் கணக்கில் வரவே இல்லை. 100 ஆண்டுகள் கழித்தும், "இந்த நோய் படையில் இருந்ததால் வந்ததுதானா?" என்ற கேள்விக்கு முன்னால் முன்னாள் படைவீரர்கள் ஃபைலோடு நின்றுகொண்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியின் வரலாறு நம் சேரிகளின் வரலாறும்கூட.

சோளிங்கரிலிருந்து தொடங்குவோம்

பீமா கோரேகானைப் பற்றி நம் தோழர்கள் எல்லோருக்கும் தெரியும். சோளிங்கர் போர் பற்றிக் கேட்டால் சோளிங்கரிலேயே பலருக்குத் தெரியாது. 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும், அயர் கூட் தலைமையிலான கம்பெனிப் படையும் இந்த மலைகளுக்குக் கீழேதான் மோதின. கம்பெனி ஜெயித்தது. சென்னைப் படைப்பிரிவுகள் சிலவற்றின் கௌரவப் பட்டியலில் "சோளிங்கர்" என்ற பெயர் பின்னாளில் சேர்ந்தது.

அந்தப் படைகளில் இருந்தவர்கள் யார்? 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சென்னைப் படையில் பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கோட்டைச் சுவரைத் தகர்ப்பது ஆகிய வேலைகளைச் செய்த 'சாப்பர்ஸ்', 'பயனியர்' பிரிவுகளில் அவர்களின் பங்கு பெரியது. பம்பாயில் மகர்கள், சென்னையில் பறையர்கள், வங்கத்தில் துசாதுகள் என்று தீண்டப்படாத மக்களே கம்பெனியின் படையாக இருந்தார்கள் என்பதை அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார்.

காலனியப் படையில் இருந்தது பெருமையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவருக்கு, கூலியை நெல்லாக அளந்து வாங்கியவருக்கு, பூட்ஸும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்த இடம் வேறு எது? நம் தாத்தாக்கள் பட்டாளத்துக்குப் போனது ராஜா மேல் உள்ள பாசத்தால் அல்ல. ஊரின் பிடியிலிருந்து வெளியே போக ஒரு கதவு திறந்திருந்தது, போனார்கள்.

அந்தக் கதவும் மூடப்பட்டது. 1880களில் சென்னைப் படையின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தியர் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்ற கருத்தைப் பரப்பினார். 'வீர இனம்' என்ற கொள்கை ராணுவத்தின் ஆள்சேர்ப்புக் கொள்கையானது. 1892இல் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. படையிலிருந்து ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து 1894இல் மனு தயாரித்தார். தெற்கே சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மெட்ராஸ் பயனியர் பிரிவும் 1933இல் கலைக்கப்பட்டது.

ஆள் தேவைப்பட்டபோது மட்டும் கொள்கை மாறியது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. 1943இல் உருவான சமர் ரெஜிமென்ட், போர் முடிந்ததும் 1946இல் கலைக்கப்பட்டது. வேண்டும்போது வீரன், வேண்டாதபோது தீண்டத்தகாதவன்.

போரில் அதிகம் விழுத்தியது நோய்

போர் என்றால் துப்பாக்கிக் குண்டு என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ராணுவங்களின் சொந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

முதல் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் இருந்தன. அங்கே காயம்பட்டவர்களைவிட நோயில் விழுந்தவர்கள் பல மடங்கு. 1916 ஏப்ரல் 29 அன்று குத் நகரில் முற்றுகைக்குள் இருந்த படை சரணடைந்தபோது, காய்கறி இல்லாத ரேஷனால் இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கிக் கிடந்தார்கள். அந்தப் போர்முனையின் மருத்துவ ஏற்பாடு எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதை 1917இல் வெளியான பிரிட்டிஷ் அரசின் விசாரணை ஆணைய அறிக்கையே ஒப்புக்கொண்டது.

பர்மா போர்முனையில் 14ஆவது படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம் தன் நூலில் ஒரு கணக்குத் தருகிறார். 1943இல் காயத்துக்காக ஒருவரை அப்புறப்படுத்தினால், நோய்க்காக 120 பேரை அப்புறப்படுத்த வேண்டியிருந்ததாம். மலேரியா, சீதபேதி, ஸ்க்ரப் டைபஸ். 1-க்கு 120. அப்படியிருந்தும் பதக்கமும் நினைவுத்தூணும் அந்த ஒருவருக்குத்தான் கிடைக்கும். மீதி 120 பேரின் நோய், 'அவர் உடம்பு வாகு'.

இதற்கும் கீழே ஒரு அடுக்கு உண்டு. சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், செருப்புத் தைப்பவர், கக்கூஸ் சுத்தம் செய்பவர் ஆகியோரை ராணுவம் சிப்பாய் என்று எழுதவில்லை, 'ஃபாலோயர்' என்று எழுதியது. அதே முகாம், அதே கொசு, அதே கலங்கல் தண்ணீர். ஆனால் சம்பளமும் ஓய்வூதியமும் வேறு. ஊரில் இருந்த சாதி வரிசை ராணுவத்தின் சம்பளப் பட்டியலுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. அந்தப் படைகள் போட்ட பூட்ஸுக்கு வட ஆற்காடு உள்ளிட்ட சென்னை மாகாணத் தோல் ஷாப்புகளில் பதனிட்ட தோல் கப்பலில் போனது. ஆளும் இங்கிருந்து, தோலும் இங்கிருந்து.

நிரூபிக்க வேண்டியது யார்?

டிசெபிலிட்டி பென்ஷன் எனப்படும் இயலாமை ஓய்வூதியத்துக்கு இரண்டு நிபந்தனைகள். நோய் படைப்பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது படைப்பணியால் கூடியிருக்க வேண்டும். பாதிப்பு 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பணியிலிருந்து விடுவிக்கும்போது மெடிக்கல் போர்டு இரண்டையும் எழுதும். பெரும்பாலான போராட்டம் முதல் நிபந்தனையில்தான் நடக்கிறது. 'பணியால் வந்ததும் அல்ல, கூடியதும் அல்ல' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஃபைல் மூடிக்கொள்ளும். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய் போன்ற, வெளியே தெரியாத நோய்களுக்கு இந்த வரி எளிதாக விழுகிறது.

1982ஆம் ஆண்டின் தகுதி விதிகள் இதற்கு நேர் எதிராகப் பேசுகின்றன. சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் எழுதப்படாத நோய் அவருக்கு இல்லை என்றே கொள்ள வேண்டும். கோருபவர் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகத்தின் பலன் அவருக்கே. இவ்வளவு தெளிவான விதி இருந்தும் நடைமுறையில் சுமை சிப்பாயின் தலையில் ஏற்றப்பட்டது.

தரம்வீர் சிங் வழக்கு இதற்குச் சாட்சி. 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த சிப்பாய். வலிப்பு நோய் என்று 1994இல் வெளியே அனுப்பினார்கள். பாதிப்பு 20 விழுக்காடு என்று எழுதிய போர்டு, நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றும் எழுதியது. ஏன் தொடர்பில்லை என்று ஒரு காரணமும் எழுதவில்லை. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2013 ஜூலை 2 அன்று உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது இல்லாத நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று சொல்பவர் காரணம் காட்ட வேண்டும் என்றது. அதன்பின் பல தீர்ப்புகள் இதே தடத்தில் வந்தன. மனச்சிதைவு நோய் என்று வெளியே அனுப்பப்பட்ட ஒரு வீரருக்கு 2025இலும் இதே காரணத்தால்தான் நீதி கிடைத்தது. வெளியே அனுப்பியதற்கும் நீதி கிடைத்ததற்கும் இடையே 27 ஆண்டுகள்.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான் நடந்தது. வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் நச்சால் நோயுற்ற வீரர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1991இல் குறிப்பிட்ட நோய்களைப் பணியால் வந்ததாகவே கருதும் சட்டம் வந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பை எரித்த புகையால் நோயுற்றவர்களுக்கு 2022இல்தான் அதேபோல ஒரு சட்டம் வந்தது. எந்த அரசும் இதைத் தானாகக் கொடுக்கவில்லை.

தோல் ஷாப்பிலும் இதே கேள்விதான்

பட்டாளத்துக்குப் போகாத நம் ஆட்கள் தோல் ஷாப்புக்குப் போனார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் குரோமியத்தில் கை வைத்துத் தோல் அரித்து, மூக்கில் புண் வந்தவரிடம் "உனக்கு அலர்ஜி" என்றுதான் சொல்கிறார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்ன சொன்னது? குரோமியத்தால் வரும் நோய் அதன் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. அந்த வேலையில் தொடர்ந்து 6 மாதம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்பட்டது. வேலையால் வரவில்லை என்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

தொழிலாளிக்கும் சிப்பாய்க்கும் சட்டம் ஒரே கொள்கையைத்தான் சொல்கிறது. உடம்பை வேலைக்கு வாங்கியவன், அந்த உடம்புக்கு வந்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோதுதான் அதார்கர் அறிக்கை வந்தது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அடித்தளம் அதுவே. பட்டாளத்துச் சுபேதாரின் மகனுக்கு இந்தக் கொள்கையின் அருமை தெரிந்திருந்தது.

இன்று என்ன நடக்கிறது?

கதவு மறுபடியும் குறுகுகிறது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன. முன்னாள் படைவீரர் அமைப்புகள் அவற்றைக் கடுமையாக எதிர்த்தன. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டுப் பணி, ஓய்வூதியம் கிடையாது. பணியால் இயலாமை வந்தால் 100, 75, 50 விழுக்காடு என்ற அடுக்குகளில் 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என ஒருமுறை தொகை மட்டும். நாள்பட்ட நோய் ஆயுள் முழுக்கக் கூட வரும், தொகை ஒருமுறைதான் வரும். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பேரெடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் இருக்கும் நம் மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் இன்றும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகும் தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்.

தோழர்கள் செய்யக்கூடிய வேலை

சேரிகளில் களப்பணி செய்யும்போது, டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர்களையும், கணவரின் நோயைச் சொல்லும் அம்மாக்களையும் பார்க்கிறோம். "அதெல்லாம் அப்பவே இல்லேன்னு எழுதிட்டாங்க" என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள்.

முதலில், மெடிக்கல் போர்டு ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகம் வெலிங்டனில், சாப்பர்ஸ் ஆவண அலுவலகம் பெங்களூரில். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் எழுதலாம். தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. ஆவணத்தில் 'தொடர்பில்லை' என்ற வரிக்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஆண்டில் வெளியே வந்தார், அப்போது எந்த விதி இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காலம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். 1983இல் வெளியே அனுப்பப்பட்டு 1999இல் நீதிமன்றம் போன தர்சேம் சிங் வழக்கில், ஓய்வூதியம் மறுப்பது மாதாமாதம் தொடரும் தவறு என்று 2008இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. நிலுவையை மட்டும் 3 ஆண்டுகளுக்குள் நிறுத்தியது. விழுக்காட்டையும் கவனியுங்கள். பணியால் வந்த 20 விழுக்காடு இயலாமையை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் உரிமையை 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு உறுதி செய்தது. 100 விழுக்காட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்பது கணக்கு. அப்படியானால் 50-க்கு 15 விழுக்காடு. ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவு அதில் அடங்கும்.

மேல்முறையீடு தோற்றால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போதும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சமூகவியல், வரலாறு படிக்கும் மாணவர்கள் தங்கள் சேரியில் பட்டாளத்துக்குப் போனவர்களின் பட்டியலை எடுங்கள். பெயர், பிரிவு, போன இடம், திரும்பி வந்தபோது இருந்த நோய், கிடைத்த பென்ஷன், மறுத்த காரணம். மணிக்கூண்டுக் கல் விட்டுவிட்ட ஆட்களை நாம்தான் எழுத வேண்டும். அந்தப் பட்டியல் வரலாறாகவும் இருக்கும், தீர்ப்பாயத்தில் வைக்கும் மனுவுக்குத் தொடக்கமாகவும் இருக்கும்.

ஜெய்பீம்.