தகடூர்த் தச்சன் பிள்ளைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

நம் தர்மபுரி தகடூராக இருந்த காலத்துப் பாட்டு ஒன்றில் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அதியமான் பரிசில் கொடுக்கத் தாமதம் செய்கிறான் என்று கோபித்துக்கொண்ட ஔவையார், வாயிற்காவலனிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார். மரம் வெட்டும் தச்சனின் கைதேர்ந்த பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எந்தத் திசையிலும் அவர்களுக்குப் பிழைப்பு உண்டு, எனக்கும் அப்படித்தான் என்பது அவர் பேச்சின் சாரம். புறநானூற்றில் இது 206-ஆம் பாட்டு. அவரே 87-ஆம் பாட்டில் அதியமானை ஒரு தேர்ச் சக்கரத்துக்கு ஒப்பிடுகிறார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த சக்கரமாம் அது! அரண்மனையில் இருந்தவருக்குத் தச்சுப் பட்டறையும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கைதேர்ந்த பிள்ளைகள் என்றால், அப்பன் பக்கத்தில் நின்று பழகியவர்கள் என்றுதான் கொள்ள வேண்டும். இந்தப் பழைய கதையை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. வரும் கோடை விடுமுறையில் நம் சங்கக் கூடத்தில் பெற்றோரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து மரவேலை பழகலாம் என்று சில இளம் பெற்றோர் யோசனை சொன்னார்கள். இரண்டு எதிர்ப்புகள் வந்தன. விரல் வெட்டுப்பட்டால் யார் பொறுப்பு என்பது ஒன்று. இன்னொன்றை ஒரு பெரியவர் மெதுவான குரலில் சொன்னார்: "என் தாத்தா உளி பிடிச்சார். எங்கப்பா அதைக் கீழே வெச்சுட்டுப் படிச்சார். இப்ப என் பேரன் கையில மறுபடியும் உளியா?" முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1953-ல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூர் பக்கத்து ஊர். 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை நம் மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டம் வந்தது. பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு பிரிவாக, முறை வைத்து வர வேண்டும். மிச்ச நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலை அவர்களோடு இருந்து பழக வேண்டும். வணிகவியல் படித்த என் கண்ணுக்கு வரவு செலவு சரியாகத்தான் படுகிறது: அதே ஆசிரியர், அதே கட்டடம், இரு மடங்கு மாணவர். ஆனால் அந்தப் பேரேட்டில் எழுதாமல் விட்ட பற்று ஒன்று உண்டு. தச்சன் பிள்ளை தச்சனிடமும், சலவைத் தொழிலாளி பிள்ளை துறையிலும் பாதி நாளைக் கழித்தால், பிறப்பு போட்ட கோட்டைப் பள்ளிக்கூடம் எப்படி அழிக்கும்?

பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதைக் குலக்கல்வி என்றார்கள். அந்தப் பெயர் இன்றுவரை நிற்கிறது. மறியல், ஊர்வலம், கைது என்று மாகாணமே கொதித்தது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. பரூலேக்கர் தலைமையில் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தும் கொதிப்பு அடங்கவில்லை. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரி என்பதே என் அபிப்பிராயம். என் தலைமுறையில் எத்தனையோ பேர் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் நாற்காலியில் உட்கார்ந்தோம் என்றால், அந்த எதிர்ப்புக்கும் பின்னால் வந்த மதிய உணவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அந்தச் சண்டையில் உளியும் சேர்ந்து அடிபட்டுவிட்டது. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் நூற்பு, மரவேலை, விவசாயம் எல்லாம் பாடத்தின் நடுவே இருந்தன. அவை நாளடைவில் 'கைத்தொழில் பீரியடாக'ச் சுருங்கின. அந்த வகுப்பையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாக நினைவில்லை! நம் மாவட்டத்திலேயே சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் துளிர் கல்வி மையம் மலைவாழ் பிள்ளைகளின் படிப்போடு கைவேலைக்கும் இடம் தந்திருக்கிறது. அப்படிச் செய்தவர்கள் குறைவு.

பிறப்போடு கட்டாமல் எல்லாப் பிள்ளைக்கும் உளியைக் கொடுக்க முடியுமா? கொடுத்த நாடுகள் உண்டு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால், 1866-லேயே நாட்டுப்புறப் பள்ளிப் பையன்களுக்குக் கைவேலை கட்டாயப் பாடமானது. அவரைப் பார்த்துக் கற்றவர் சுவீடனின் ஓட்டோ சாலமன். நேஸ் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே தேடிப் போய்ப் படித்தார்கள். அந்த முறைக்கு 'ஸ்லாய்டு' என்று பெயர். தச்சரை உருவாக்குவது நோக்கமல்ல என்று சாலமன் தெளிவாகச் சொல்லிவிட்டார். கண், கை, பொறுமை, உழைப்பின் மேல் மரியாதை, இவைதான் நோக்கம். டாக்டர் பிள்ளையும் குடியானவன் பிள்ளையும் ஒரே பலகையைச் சீவலாம். சுவீடனில் அது இன்றும் பள்ளிப் பாடம்தான்.

பெரியவருக்கு என் பதிலும் இதுதான். அவருடைய தாத்தாவுக்கு உளியைத் தவிர வேறு வழி இல்லை. பேரனுக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது; பக்கத்து வீட்டு ஆடிட்டர் மகளும் அதே மேசையில் அதே உளியைப் பிடிக்கப் போகிறாள். எச்சரிக்கை ஒன்று மட்டும் தேவை. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதைத் தடுத்துவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விலக்கு அளிக்கிறது. 1953-ன் வாடை அதில் வீசுகிறது என்று அன்று பலர் கண்டித்தார்கள். ஆகவே நம் கூடத்தில் பிள்ளைகள் செய்யும் எதுவும் விற்பனைக்கு வரக் கூடாது.

இனி விரல் விஷயம். சாலமன் முதலில் பிள்ளை கையில் கொடுத்தது சாதாரணக் கத்தி. அது அவனுக்கு வீட்டில் பழகிய பொருள். சுலபமானதிலிருந்து கடினமானதுக்கு, வரிசையாகச் சின்னச் சின்ன மாதிரிப் பொருள்கள். நிற்கும் விதம், பிடிக்கும் விதம் முதலில் சொல்லித்தரப்படும். கும்பலாக வகுப்பு எடுக்காமல் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கவனிப்பார்கள். நமக்கும் இது பொருந்தும். வங்கியில் ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர் பாஸ் செய்யாமல் பணம் வெளியே போகாது. அதுபோல ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே வெட்டு.

ஏழு வயதுக்குக் கீழே உப்புத்தாள் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் கைத்துளையான், சின்ன ரம்பம், கொட்டாப்புளி. உளி கடைசியில்தான். மரத்தைக் கையால் பிடிக்காமல் மேசையோடு கிளாம்பு போட்டு இறுக்கிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். உளியை இரு கையாலும் பிடிக்க வேண்டும், எந்தக் கையும் அதன் முனைக்கு முன்னால் வரக் கூடாது. மொண்ணை உளி அழுத்தச் சொல்லும், அழுத்தினால் வழுக்கும். ஆகவே கூராக்கி வைப்பது பெரியவர் வேலை. துப்பட்டா, தொங்கும் கைச்சட்டை, விரித்த கூந்தல் வேண்டாம். கண்ணாடி, மூக்குக்கு முகமூடி வேண்டும். மின்சார ரம்பம் கூடத்துக்குள்ளேயே வரக் கூடாது. பிளைவுட், எம்.டி.எஃப். துண்டுகளும் வேண்டாம், அவற்றின் தூசியில் பசை மருந்து கலந்திருக்கும். மரக்கடையில் கழித்துப்போடும் வேம்பு, சில்வர் ஓக் துண்டுகள் போதும்.

முதல் ஞாயிறு பெற்றோருக்கு மட்டும் வைக்கலாம். நம்மில் முக்கால்வாசிப் பேர் இழைப்புளியைத் தொட்டதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நாம் ஒருமுறை தடுமாறி முடித்துவிடுவது நல்லது. சொல்லித்தர உள்ளூர் ஆசாரி ஒருவரை அழைத்து, அவருடைய நாள் கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் பொருளாகப் புத்தகத்தில் வைக்கும் ஓர் அடையாளச் சட்டம், அடுத்து செல்போன் சாய்த்து வைக்கும் தாங்கி, கைப்பழக்கம் வந்தபின் வீட்டில் குட்டிப் பாப்பா இருந்தால் ஒரு நடைவண்டி. முதலுதவிப் பெட்டி செயலாளர் அறையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் மருந்துகளின் தேதியை யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.