ஆகாயத்தில் பொழுது: நெடுந்தூர விமானப் பயணத்தின் ஒரு வரலாறு

நெடுந்தூர விமானப் பயணத்தில் பொழுதைக் கழிப்பது எப்படி என்ற கேள்வி விமானத்தோடு கூடப் பிறந்ததன்று. பயணிகள் விமானங்கள் கண்டம் விட்டுக் கண்டம் செல்லத் தொடங்கிய காலத்தில் பயணங்கள் இன்றுள்ளவற்றைவிடப் பல மடங்கு நீண்டிருந்தன. ஆயினும் அப்போது நிறுவனங்களை வாட்டிய கவலைகள் இரைச்சலும் குலுக்கலும் குமட்டலுமே அன்றிச் சலிப்பு அன்று. இடையில் இறங்கும் ஊர்கள் குறைந்து, பறக்கும் உயரம் கூடி, சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமற்போன பிறகே பொழுதுபோக்கு என்பது விமானத்துக்குள் ஏற்பாடு செய்து தரவேண்டிய ஒரு பண்டமாயிற்று. அந்தப் பண்டத்தின் வடிவத்தைப் பயணிகளின் விருப்பத்தைவிட விமானத்தின் தரைப்பரப்பும் அது சுமக்கும் எடையுமே பெரிதும் தீர்மானித்தன.

1938இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு இம்பீரியல் ஏர்வேஸும் குவான்டாஸும் சேர்ந்து நடத்திய சேவை ஏறத்தாழப் பத்து நாள் எடுத்துக்கொண்டது. அதில் பறந்தவை ‘பறக்கும் படகுகள்’, அதாவது ஓடுதளம் தேவைப்படாமல் ஏரியிலும் ஆற்றிலும் கடலோரத்திலும் இறங்கி ஏறும் வகையில் அடிப்பகுதி படகுபோல அமைந்த விமானங்கள். கராச்சி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா என ஒவ்வொரு கட்டமாக எரிபொருள் நிரப்பிக்கொண்டு சென்ற இவ்விமானங்கள் இரவில் பெரும்பாலும் பறப்பதில்லை; பயணிகள் நிறுவனத்தின் செலவிலேயே விடுதிகளில் தங்கி, விடிந்ததும் மீண்டும் ஏறினர். விமானத்தின் நடுவே உலாவுக்கென ஓர் அறை இருந்தது. அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றபடி, தாழ்வாகக் கடந்துபோகும் ஆறுகளையும் ஊர்களையும் பார்க்க முடிந்தது. பயணமே வேடிக்கையாக இருந்ததால், வேறு வேடிக்கைக்குத் தேவை எழவில்லை.

இந்த ஏற்பாடு முழுவதையும் குலைத்தது இரண்டாம் உலகப் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, 1943 முதல் 1945 வரை, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓடும் சுவான் ஆற்றுக்கும் இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினா வகைப் பறக்கும் படகுகளைச் செலுத்தியது. இடையில் எங்கும் இறங்காமல் இந்த 5,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல்வழியைக் கடக்கக் காற்றின் போக்கைப் பொறுத்து 27 முதல் 32 மணி நேரம் பிடித்தது. நேரக் கணக்கில் பார்த்தால், இடைநில்லாமல் பறந்த பயணிகள் விமானச் சேவைகளில் இதைவிட நீண்டது இன்றுவரை இல்லை. புறப்பட்டவர்கள் இறங்குவதற்குள் இருமுறை சூரியோதயத்தைக் கண்டார்கள் என்பதால் இச்சேவைக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்ற பெயர் நிலைத்தது.

அவ்வளவு தொலைவுக்கு வேண்டிய எரிபொருளை ஏற்றுவதற்காக, தவிர்க்கக்கூடிய பொருள்களெல்லாம் விமானத்திலிருந்து கழற்றப்பட்டன. மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் சுமார் 69 கிலோ அஞ்சலும் மட்டுமே செல்ல இயன்றது. எதிரியின் கண்காணிப்புக்கு உட்பட்ட பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் வகுக்கப்பட்டது. இருப்பிடத்தை எதிரி கண்டுகொள்ளாதிருக்க வானொலித் தொடர்பு தவிர்க்கப்பட்டது. திசை காட்டியவை நட்சத்திரங்களே. இதற்கேற்பவே ஐந்து விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரஸ், ஸ்பைக்கா என்று நட்சத்திரப் பெயர்களைச் சூட்டியிருந்தனர். இரண்டு எஞ்சின்களின் ஓயாத முழக்கத்துக்கு நடுவே, மங்கிய ஒளியில், நடமாடவும் இடமின்றி ஒரு பகலையும் இரவையும் கழித்தவர்களுக்கு நிறுவனம் அளித்தது ஒரு சான்றிதழ் மட்டுமே: இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வானில் இருந்ததற்காக அவர்கள் ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தில்’ சேர்க்கப்பட்டதாக அது அறிவித்தது. நிலநடுக்கோட்டைக் கடக்கும் கப்பல் பயணிகளுக்குச் சடங்கு நடத்திச் சான்றளிக்கும் பழைய கடல் வழக்கம் இவ்வாறு வானத்திலும் தொடர்ந்தது.

போருக்குப் பின், அறையினுள் காற்றழுத்தத்தைச் செயற்கையாக நிலைநிறுத்தும் முறை பரவியதும் விமானங்கள் மேகங்களுக்கு மேலே ஏறின. குலுக்கல் குறைந்தது, அதனோடு காட்சியும் மறைந்தது. இந்த வெற்றிடத்தை நிறுவனங்கள் முதலில் கூடிப் பழகும் வாய்ப்பால் நிரப்ப முயன்றன. 1949இல் சேவைக்கு வந்த போயிங் ஸ்டிராட்டோகுரூசர் விமானத்தில் சுழல் படிக்கட்டு வழியாக இறங்கினால் கீழ்த்தளத்தில் பயணிகள் கூடி அமர்ந்து பேசவும் மது அருந்தவும் ஒரு சிறு கூடம் இருந்தது. சீட்டுக்கட்டும் கடிதத் தாளும் இலவசமாக வழங்கப்பட்டன. பறக்கும் உயரம், வேகம், அப்போதைய இடம் ஆகியவற்றை விமானி ஒரு தாளில் எழுதியனுப்ப, அது இருக்கைக்கு இருக்கை கைமாறிச் சென்றது. ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லும் விமானங்களில் இத்தகைய விவரங்களைக் கொண்டு பாதி வழியை எட்டும் நேரத்தைக் கணித்துச் சொல்லும் போட்டியும் நடந்தது.

1958இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கத் தொடங்கிய ஜெட் விமானங்கள் பயண நேரத்தை ஏறக்குறையப் பாதியாக்கின. நேரம் குறைந்த பிறகே திரைப்படம் நிலையான இடம் பெற்றது என்பது முரணாகத் தோன்றலாம். 1925இலேயே இம்பீரியல் ஏர்வேஸ் விமானமொன்றில் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ என்னும் மௌனப்படம் காட்டப்பட்டதுண்டு. ஆனால் அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றக் கூடியவை, ஆகவே அது ஒரு விந்தையாகவே நின்றுவிட்டது. திரையரங்கு உரிமையாளரான டேவிட் ஃபிளெக்சர் தீப்பற்றாத 16 மில்லிமீட்டர் படச்சுருளைக் கையாண்டு, முழுப்படத்தையும் சுமார் 63 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே சுருளில் அடக்கினார். இடையில் சுருள் மாற்ற ஆள் தேவையில்லாமற்போனது. 1961 ஜூலை 19 அன்று டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் முதல் வகுப்புப் பயணிகள் ‘பை லவ் பொசஸ்டு’ என்ற படத்தைப் பார்த்தனர். 1963இல் வந்த காதுக்கருவியில் மின்கம்பியே கிடையாது. இருக்கையின் கைப்பிடிக்குள் எழுந்த ஒலி, மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பில் வருவதுபோல, வெற்றுக் குழாய்களின் வழியே காதை அடைந்தது. கூடத்தில் கூடியவர்களைத் திரைப்படம் இருக்கையிலேயே இருத்தியது; குறுகிய நடைவழியில் உணவு வண்டியைத் தள்ள வேண்டிய பணியாளர்களுக்கு இதனால் கிடைத்த வசதி சிறிதன்று.

1970இல் வந்த போயிங் 747 கூடங்களுக்கு மீண்டும் உயிரளித்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் சாதாரண வகுப்புக் கூடத்தில் மின்பியானோ ஒன்றையே வைத்தது. ஆனால் 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் விலை ஏறியதும், வருவாய் தராத தரைப்பரப்பைக் காலியாக விட நிறுவனங்களுக்கு மனம் வரவில்லை. கூடங்கள் இருந்த இடத்தில் இருக்கை வரிசைகள் முளைத்தன. முன் இருக்கையின் முதுகில் பதித்த சிறு திரை 1988இல் நார்த்வெஸ்ட் விமானங்களில் அறிமுகமானது; தனக்கென்று தனி இடம் கேட்காத இந்தப் பொழுதுபோக்கே இறுதியில் வென்றது. ஒரே படத்தை எல்லாரும் ஒன்றாகப் பார்த்த பழக்கம் ஒழிந்து, அருகிலிருப்பவர் என்ன பார்க்கிறார் என்பதே தெரியாத நிலை வந்தது.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பகுதிக்கு 2004இல் தொடங்கி, 2013இல் நின்று, 2018இல் மீண்டும் வந்த இடைநில்லாச் சேவை சுமார் 18 மணி நேரம் பறக்கிறது. இதற்கென அமைந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன. இச்சேவையை நடத்தும் நிறுவனம் மற்ற நெடுந்தூர வழிகளில் அதே வகை விமானத்தில் 250க்கு மேற்பட்டோரை ஏற்றுகிறது. சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேரே பறக்கக் குவான்டாஸ் வகுத்துள்ள திட்டம், போர்க்காலச் சேவையை நினைவூட்டும்படி ‘சூரியோதயத் திட்டம்’ எனப் பெயர் பெற்றுள்ளது. 2019இல் நடந்த சோதனைப் பயணத்தில், 19 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்தவர்களுக்கு விளக்கொளியும் உணவும் சேருமிடத்து நேரத்தை ஒட்டி அளிக்கப்பட்டன. நடைவழியில் உடற்பயிற்சியும் செய்வித்தனர். இத்திட்டத்துக்கான விமானங்களில் எழுந்து நின்று உடலை நீட்டி மடக்க ஒரு பகுதியும் ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த இடம் தாராள மனத்தால் கிடைத்ததன்று. கேட்டலினாவில் மூவருக்கு மட்டும் இடமிருந்ததற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கும்: அத்தனை எரிபொருளைச் சுமக்கும் விமானம் அதிகப் பேரை ஏற்ற முடியாது. ஆகவே மிஞ்சும் தரைப்பரப்பில் பயணி கால் நீட்டிக்கொள்கிறார். ஏற்ற முடியாமற்போனவர்களின் கட்டணமும் அவரது பயணச்சீட்டிலேயே சேர்கிறது.