சுழல மறுத்த தகடுகள்

வன்தட்டு ஒன்று பழுதானதை நாம் பெரும்பாலும் காதால்தான் அறிகிறோம். கணினியை இயக்கியதும் எழ வேண்டிய அந்த மெல்லிய ரீங்காரம் எழுவதில்லை. ஒரு நொடி முனகல், ஈனமான ஒரு ‘பீப்’ ஒலி, பிறகு மௌனம். மீண்டும் அதே முனகல். மின்சாரம் உள்ளே வருகிறது. மோட்டார் தன்னால் இயன்றவரை உந்துகிறது. தகடுகளைத் தாங்கும் தண்டுதான் அசைய மறுக்கிறது. ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்தவை அத்தகடுகளின் மேல் ஓர் எழுத்தும் அழியாமல் இருக்கின்றன என்பது இந்நிலையில் ஆறுதலா, வதையா என்று சொல்வது கடினம்.

ஓலைச்சுவடியின் கயிற்றை அவிழ்த்தால் படித்துவிடலாம். காகிதம் மக்கினாலும் மீந்த துண்டில் இரண்டு வரி கிட்டும். காந்தத் தகட்டில் எழுதியதோ சுழலும்போது மட்டுமே எழுத்து. நின்றுவிட்டால் அது வெறும் பளபளப்பான வட்டம், முகம் பார்க்கலாம். வன்தட்டின் வரலாற்றைக் கொள்ளளவின் வரலாறாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். அதைச் சுழற்சியின் வரலாறாகவும் எழுத முடியும். அப்படி எழுதினால் அதன் நாயகப் பாத்திரம், யாரும் பெயர் சொல்லாத பேரிங். ‘தாங்கி’ என்று கலைச்சொல் அகராதிகள் சொல்கின்றன. பட்டறையில் அது பேரிங்தான், இக்கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த ராமாக் கணினியின் வட்டகத்தில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே தண்டில் செங்குத்தாக அடுக்கப்பட்டிருந்தன. ரெனால்ட் ஜான்சனின் தலைமையில் சான் ஹோசேயில் உருவான அது நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்று 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அதன் வாசிப்புமுனைகளைத் தகட்டில் உரசாமல் விலக்கி வைத்தது அழுத்தக் காற்று. பெரிய இயந்திரம், பெரிய பேரிங், பழுது பார்க்க அருகிலேயே பொறியாளர். இந்த ஏற்பாட்டில் இறுகிப்போதல் ஒரு பராமரிப்புப் பிரச்சினை மட்டுமே. அவ்வகை வட்டகங்களில் ஒன்று கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் மீட்டமைக்கப்பட்டு, பார்வையாளர்கள் முன் சுழற்றிக் காட்டப்பட்டிருக்கிறது.

சிக்கல் 1973க்குப் பின்னர் வேறு உருவெடுக்கிறது. வின்செஸ்டர் என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஐபிஎம் 3340 வட்டகத்தில் வாசிப்புமுனைகள் எடை குறைந்தவை. தகடு சுழலும்போது எழும் காற்றுப்படலத்தின் மேல் அவை மிதந்தன, தகடு நின்றதும் அதன் மேலேயே இறங்கி அமர்ந்தன. அதற்கென்று தகட்டின் மேல் மெல்லிய மசகுப் பூச்சு இருந்தது. பின்னாளில் தகடுகள் மேலும் மேலும் வழுவழுப்பாயின. மிக வழுவழுப்பான இரு பரப்புகள் ஈரமும் மசகும் இடையில் நிற்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1980களின் இறுதியில் பல மேசைக்கணினிகள் வார விடுமுறை கழிந்த திங்கட்கிழமைகளில் எழுந்திருக்க மறுத்ததற்கு இதுவே காரணம். வட்டகத்தைக் கையிலெடுத்து வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினால் ஒட்டு விடுபடும். பக்கவாட்டில் தட்டுவாரும் உண்டு. இந்தக் கைவைத்தியம் உண்மையிலேயே பலித்ததால் அது ஐதீகமாகவும் ஆகிவிட்டது.

தீமை அங்கேதான் தொடங்குகிறது. முனை ஒட்டிக்கொள்வதும் பேரிங் இறுகுவதும் வெளியிலிருந்து கேட்பவருக்கு ஒரே மௌனம். இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவதில் தண்டு நலமாக இருக்கிறது. இரண்டாவதில் தண்டே நோயாளி. முதலாவதன் மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் தகடு அசையாது, வாசிப்புமுனைகள்தாம் சிதையும்.

2000ஆம் ஆண்டு வாக்கில் பேரிங்கே மாறியது. அதுவரை கிரீசில் ஊறிய எஃகுக் குண்டுகளே தண்டைத் தாங்கின. எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் குண்டுகள் முழுவட்டமாக இருப்பதில்லை. ஆகவே தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு தள்ளாடும். தடங்கள் நெருங்க நெருங்க அந்தத் தள்ளாட்டம் பொறுக்க முடியாததாயிற்று, இரைச்சலும் தொல்லையாயிற்று. மாற்றாக வந்தது திரவ பேரிங். குண்டுகளே கிடையாது. தண்டுக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி, அதில் எண்ணெய், உலோகத்தின் மேல் மீன்முள் வடிவில் நுண்ணிய வரிப்பள்ளங்கள். தண்டு சுழலும்போது அப்பள்ளங்கள் எண்ணெயை நடுவே தள்ளி அழுத்தம் எழுப்புகின்றன. தண்டு உலோகத்தைத் தொடாமல் எண்ணெயிலேயே நிற்கிறது. பொறியியலில் கவிதை என்று சொல்லத்தக்கவை சிலவே. இது அவற்றுள் ஒன்று என்பது நமது துணிபு.

ஆனால் அந்த அழகு ஓடும்போது மட்டும். மேசையிலிருந்து மடிக்கணினி விழும் கணத்தில் தண்டு உறையின் மேல் மோதலாம், இம்மியளவு வளையலாம், அல்லது எண்ணெய் கசிந்து வற்றலாம். இடைவெளியே சில மைக்ரான்தான் என்னும்போது, அதே அளவு வளைவு போதும், தண்டு உறையைப் பற்றிக்கொள்ளும். பழைய குண்டு பேரிங் நாள்கணக்கில் கதறிவிட்டுத்தான் சாகும். புதியது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகிறது.

வட்டகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் ஓரிரவு வைக்கும் வழக்கத்தை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். குளிரில் உலோகம் சுருங்கும் என்ற தர்க்கம் முற்றிலும் பொய்யில்லை. பழைய வட்டகங்கள் சில அதனால் சற்று நேரம் உயிர்பெற்றிருக்கக்கூடும். வெளியே எடுத்ததும் அறைக்காற்றின் ஈரம் தகட்டின் மேல் நுண்துளிகளாகப் படியும் என்பதை அந்தத் தர்க்கம் மறந்துவிடுகிறது. வாசிப்புமுனை பறக்கும் உயரம் நானோமீட்டர்களில் அளக்கப்படுவது. நீர்த்துளி அதற்கு மலை.

ஆகவே இறுகிய பேரிங்கைத் தொழில்முறையாகச் செய்வோர் பெரும்பாலும் ‘குணப்படுத்துவதில்லை’. நோயுற்ற உடலை விட்டு உயிரை வேறு உடலுக்கு மாற்றுகிறார்கள். தூசற்ற அறையில் முனைகளை விலக்கி, தகடுகளைக் கழற்றி, அதே வகையைச் சேர்ந்த வேறொரு வட்டகத்தின் நல்ல தண்டில் பொருத்துவது. கேட்க எளிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்குலத்துக்கு ஒரு லட்சம் தடங்கள் கொண்ட வட்டில் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கால் மைக்ரான்தான். தடங்கள் பழைய தண்டின் மையத்தைச் சுற்றி வரையப்பட்டவை. புதிய தண்டில் தகடு 10 மைக்ரான் விலகி அமர்ந்தால், அதாவது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, தடம் மையத்திலிருந்து 40 தடங்கள் அளவுக்கு விலகி ஊசலாடும். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 முறை. முனை அந்த ஊசலாட்டத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும். பல தகடுகள் உள்ள வட்டகத்தில் அவை ஒன்றுக்கொன்று திரும்பிவிடாதபடி மொத்தமாகக் கவ்வித் தூக்கும் கருவி வேறு தேவை. போதாக்குறைக்கு, அந்தந்த வட்டகத்தின் தனித்த அளவீடுகளைத் தாங்கிய சில்லும் கூடவே வந்தாக வேண்டும்.

இந்த உடல்மாற்றத்தின் ஆகப் பெரிய சாட்சியம் ஒரு துயரத்திலிருந்து கிடைத்தது. 2003 பிப்ரவரி 1 அன்று, 16 நாள் பயணம் முடித்துத் திரும்பிய கொலம்பியா விண்ணோடம் டெக்சாஸ் வானில் சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். ஓடத்தின் சரக்குத்தளத்தில் ஜெனான் வாயுவை ஆராயும் ஒரு கருவி இருந்தது. எந்த வெப்ப அழுத்த நிலையில் திரவமும் வாயுவும் வேறுபாடிழந்து ஒன்றாகின்றனவோ, அந்நிலையை ஒட்டி அதன் பாகுநிலை எப்படி மாறுகிறது என்பது கேள்வி. பூமியில் அந்நிலையிலுள்ள ஜெனான் தன் எடையாலேயே அடியில் அழுந்திவிடுவதால் எடையற்ற இடம் தேவைப்பட்டது. ராபர்ட் பெர்க் என்ற அமெரிக்க இயற்பியலாளரின் தலைமையில் நடந்த ஆய்வு; 1997இல் ஒருமுறை பறந்து, கூடுதல் கேள்வியோடு மீண்டும் பறந்தது. அளவீடுகளில் ஒரு பகுதி பயணத்தின்போதே வானலையில் தரைக்கு வந்துவிட்டது. எஞ்சியது கருவியின் வன்தட்டில்.

ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் அந்த வன்தட்டு கிடைத்தது. மின்சுற்றுப்பலகை கருகியிருந்தது, தூசியைத் தடுக்கும் அடைப்பு உருகி உள்ளே மண் புகுந்திருந்தது. மினியாபொலிஸ் அருகே இயங்கிய கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸின் மேசைக்கு அது வந்தபோது, அந்த இயந்திரம் இனிச் சுழலப் போவதில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் தகடுகள் வளையவில்லை. அவற்றை வேதிக்கரைசலில் கழுவி, புதிதாக அமைத்த வேறொரு வட்டகத்தில் ஏற்றினார். சுமார் 99 விழுக்காடு தரவு திரும்பியது.

இங்கே பழமை கைகொடுத்தது என்பதையும் குறித்தாக வேண்டும். அது பறந்த நாளிலேயே பழையதாகிவிட்ட, அரை கிகாபைட்டுக்கும் குறைந்த வட்டு. அக்காலத் தடங்கள் அங்குலத்துக்குச் சில ஆயிரம் என்ற அளவில் அகலமானவை. மேலே சொன்ன பத்து மைக்ரான் பிழையை அவை பெரிதும் பொறுத்துக்கொள்ளும். கருவியின் கணினி டாஸ் என்ற எளிய இயங்குதளத்தில் ஓடியதால் தரவு வட்டெங்கும் சிதறாமல் வரிசையாக இருந்தது. வட்டு பாதியளவே நிரம்பியிருந்தது. மண்துகள் குழிபறித்த பகுதி, பெரும்பாலும் இன்னும் எழுதப்படாத பகுதி.

பெர்க்கின் குழுவினர் 2008இல் பிசிகல் ரிவ்யூ ஈ இதழில் முடிவை வெளியிட்டனர். கலக்கக் கலக்க இளகும் இயல்பு, பால்பாடு நுரையில் நாம் காண்பது, ஒற்றை அணுக்களாலான ஜெனானுக்கும் அந்த எல்லைநிலையில் உண்டு என்பது அவர்கள் கண்டது. கொலம்பியாவின் சிதைவுகளில் கிடைத்த இன்னும் இரண்டு வன்தட்டுகளும் எட்வர்ட்ஸின் மேசைக்கு வந்தன. அவற்றிலிருந்து எதையும் மீட்க இயலவில்லை.