மண்தரைச் சடுகுடு

ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறி, கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் இருமருங்கும் எழுந்து நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூரை அடுத்து மேற்கே ஏரிப் பாசன வயல்களின் களிமண்ணும், கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டிக் கடற்கரை வரை மணலுமாக நிலம் இரண்டுபட்டுக் கிடப்பதை இப்போது கவனிப்பவர்கள் அபூர்வம். அறுவடை முடிந்த வயலிலும் மீனவர் குப்பத்து மணலிலும் ஆடப்படும் சடுகுடு ஒரே ஆட்டமாகத் தோன்றினாலும், காலை ஊன்றி உந்தும்போது களிமண் எதிர்த்துத் தள்ளும் அளவுக்கு மணல் தள்ளாமல் நழுவிப் போவதால், பாய்ந்து திரும்பும் வேகம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. நியூட்டன் தம் மூன்றாம் விதியை 1687-ல் எழுதி வெளியிட்டதை அறியாமலே ஆட்டக்காரன் இதைப் பாதத்தால் அறிந்திருப்பான்.

மனித தேகங்கள் ஒன்றோடொன்று மோதுவதையே விளையாட்டாக்கிய ஜாதிகள் உலகில் பல உண்டு. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், சதுரங்கப் பிரியரான லோரின் டிலாண்ட் என்பவர் வகுத்துக் கொடுத்த யுக்தியின்படி, ஹார்வர்ட் மாணவர்கள் 1892-ல் யேல் அணிக்கு எதிராக ஆப்பு வடிவில் திரண்டு, ஓடிவந்த வேகத்தோடு ஒரே முனையில் மோதினார்கள். பலருடைய உந்தம் ஒருவன்மேல் இறங்கும் அந்த வியூகம் 1894-ல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் மரணங்கள் நிற்காமற்போகவே, 1905-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறியும் அனுமதி வந்து, நெரிசல் சற்றே கலைந்தது.

நம் சடுகுடுவோ மோதலை ஆதியிலேயே மூச்சில் கட்டிப்போட்டது. பாடிப் போகிறவன் தனியன். எதிரே நிற்பவர்கள் எழுவர். கை கோத்துச் சங்கிலியாக வளைத்துக்கொள்ளும் அவர்களுடைய கூட்டு எடை அவனைப் போலப் பன்மடங்கு. அந்த அநியாயத்தை ஈடுசெய்வது தூரக் கணக்கு. முறையான ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் கோட்டருகே அகப்பட்டவன், கைநீட்டிக் குப்புற விழுந்தாலே இரண்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறான். ஆகவே பிடிப்பவர்கள் போராடுவதெல்லாம் எஞ்சிய ஒன்றரை மீட்டருக்காகத்தான்.

கணுக்கால் பிடியைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். தொட்டுவிட நீட்டிய கால் இரு கைகளுக்குள் சிக்கியதும், உடல் தன் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க, ஊன்றிய ஒற்றைக் காலுக்கு முன்னே பாரத்தின் மையம் நழுவி, ஆள் சாய்கிறான். சாய்வது அவனுக்குத் தோல்வியன்று, கோட்டுக்கு நெருக்கம். எனவேதான் கால் பிடித்தவன் பின்னோக்கி இழுக்க, அடுத்தவன் அதே க்ஷணத்தில் இடுப்பின்மேல் விழ வேண்டியிருக்கிறது. அறுபது கிலோ ஆள் விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் வருகையில் ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குள் நிறுத்தப்பட்டால், தாங்கும் விசை அவன் எடையைப் போல் இருமடங்கு. பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் நிறுத்தினால் நான்கு மடங்கு. ஆட்டத்துக்கு முன் களத்தைக் கொத்திக் கிளறி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளிப்பதன் சூட்சுமமும் இதுவே: மண் இளகி இருந்தால் விழுகிற தேகம் நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் கிடைக்கிறது.

அமராவதியின் அனுமான் வியாயாம பிரசாரக மண்டலத்தார் 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது இவ்வாட்டத்தை ஆடிக் காட்டினர். 1950-ல் அகில இந்திய சம்மேளனம் அமைந்தது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகியது. மண் போய் மெத்தை வந்தது. விழுகிறவனுக்கு மெத்தை தாட்சண்யம் காட்டுகிறது என்பது வாஸ்தவம்; ஆனால் காலணி அதில் இறுகப் பற்றிக்கொள்ள, உடல் மட்டும் திரும்புவதால், சிராய்ப்பு குறைந்த இடத்தில் முழங்காலுக்கு ஆபத்து கூடிற்று. மூச்சுக்குப் பதிலாக முப்பது விநாடிக் கடிகாரமும் வந்துசேர்ந்தது. பாட்டு இன்னும் விதியில் இருக்கிறது என்றாலும், நுரையீரலே நாழிகை வட்டிலாக இருந்த காலம் முடிந்தது என்பதில் எனக்கு வருத்தமே.

பிடிமானம் உறுதியானபின் எடைக்கு மதிப்பு ஏறியது இயல்பு. சர்வதேச ஆடவர் ஆட்டத்தில் 85 கிலோவும் மகளிர் ஆட்டத்தில் 75 கிலோவும் எல்லை. நாவலூருக்கு வடக்கே, நகரத்தின் குடிசைவாசிகளை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியேற்றிய கண்ணகி நகரில் பயின்ற பெண்ணொருத்தி, 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியதும் இத்தகைய மெத்தையின்மீதுதான். ஊர்ப்புறத்துப் பந்தயங்களோ இன்றும் பெரும்பாலும் மண்ணில் நடக்கின்றன. அவற்றின் சுவரொட்டிகளில் பரிசுத் தொகையோடு எடைப் பிரிவும் அச்சாகிறது. களத்தில் இறங்குமுன் பையன்கள் தராசில் ஏறி நிற்கிறார்கள்.